பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

கொள்ளிடக்கரை

முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. 1994, ஸ்ரீரங்கம், எனக்குப் பதினோரு வயது. வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைப் பூனை இருந்தது. பெயரெல்லாம் கிடையாது, 'பூஸ்' என்றால் வரும். மூன்றாவது ஈற்றையும் பரண்மேலேயே போட்டது. அதில் ஒரு குட்டி செத்து நாற்றம் எடுத்ததும் பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மீதிக் குட்டிகளைக் கேட்டு ஆள் வந்தது. தாயை யார் கேட்பார்கள்?

எங்கள் ஊர் ஒரு தீவு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். பூனை ஆற்றைத் தாண்டி வராது என்று பெரியவர்களுக்கு நம்பிக்கை. அதனால் தெருவில் யார் வீட்டுப் பூனையாக இருந்தாலும் கொள்ளிடத்துக்கு அக்கரையில்தான் கொண்டுபோய் விடுவார்கள். அரிசிச் சாக்கு, வாயில் சணல் கட்டு, அப்பாவின் டிவிஎஸ் 50. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். பழைய இரும்புப் பாலம் முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது (2018 வெள்ளத்தில் தூண் சரிந்ததே, அந்தப் பாலம்தான்). நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கம் வண்டியை நிறுத்தினார். எலி நிறைய இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்றார்.

நான்தான் சணலை அவிழ்த்தேன். தலைதெறிக்க ஓடும் என்று நினைத்தேன். வெளியே வந்து உடம்பை ஒருமுறை உதறியது. நேராக வண்டிக்குப் போய், முன்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரி, கிளம்பலாம் என்கிற மாதிரி.

அப்பா இரண்டு தடவை இறக்கிவிட்டார். இரண்டு தடவையும் ஏறியது.

இப்போதும் யாராவது டிவிஎஸ் வண்டியில் முன்னால் மூட்டை வைத்துப் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மாடிவீட்டுக்காரி

எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் 2021 ஜூலையில் காலி செய்தார்கள். வேன் போய் நான்கு நாள் கழித்துத்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அந்தப் பெர்சியன் பூனையைப் பார்த்தோம். லாக்டவுனில் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை என்று பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பூனை. போன் செய்தால் 'நம்பர் உபயோகத்தில் இல்லை'.

பெர்சியன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தினமும் சீவாவிட்டால் முடி திரித்துக் கம்பளி மாதிரி ஆகிவிடும். இதற்கு வயிறு, கழுத்து, தொடை எல்லாம் ஒரே பாளம். தோலை இழுத்து இழுத்து நடக்கவே முடியவில்லை. சீப்பெல்லாம் வேலைக்கு ஆகாது என்று டாக்டர் மயக்க ஊசி போட்டு மெஷினால் சிரைத்தார். கழுத்துப் பக்கம் வந்தபோது மெஷின் எதிலோ மோதி 'டங்' என்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டை, அதில் ஒரு சின்ன மணி. முடி இறுகி இறுகி மணிக்குள் நாக்கு அசையவே வழியில்லாமல் போயிருந்தது. எத்தனை மாதம் சத்தமில்லாமல் அந்த மணியைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குள் நடந்திருக்கும்! சீவிவிடாவிட்டாலும் போகிறது, மணிச் சத்தம் நின்றதுகூடவா ஒருவர் காதிலும் படவில்லை?

இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மணி மேஜை டிராயரில் கிடக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

கொள்ளிடக்கரை சார், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் அப்பா செய்ததும் இதுவும் ஒன்றுதான்.

முதுநகர்க்காரன்

ஒன்றா? எப்படிங்க ஒன்று?

பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியவனுக்கு ஊரில் பத்து கிளினிக் இருக்கிறது, போன் இருக்கிறது, கேட்டால் எடுத்துப்போக ஆள் இருக்கிறது. 1994-இல் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். கால்நடை மருத்துவமனைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், ஆட்டைக் கொண்டுபோவார்கள். பூனையைத் தூக்கிப்போனால் கம்பவுண்டரே விரட்டியிருப்பார். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகும். சினைக்காலம் அறுபத்துச் சொச்ச நாள். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தங்கிவிடும். வருடத்துக்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு என்று போட்டுப் பாருங்கள். ஒற்றைச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடும் வீடு என்ன செய்யும்? இன்றைய நியாயத்தை எடுத்துக்கொண்டுபோய் அன்றைய ஆட்கள் தலையில் வைக்காதீர்கள்.

எங்கள் ஆயாவும் குட்டிகளைக் கூடையில் போட்டு கடலூர் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். கூடவே நானும் போயிருக்கிறேன். வலையிலிருந்து கழித்துப்போட்ட மத்தி காலடியிலேயே கிடக்கும். ராஜவாழ்க்கை. என்னைக் கேட்டால் அது கொடுமையே கிடையாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். விட்டுவிட்டுத் திரும்பும்போது ஆயா கூடையைத் தலைகீழாகத் தட்டும், கருவாட்டுக் கூடையைத் தட்டுகிற மாதிரி. காலிக் கூடையை எதற்குத் தட்டவேண்டும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க ஆயா இல்லை.

மாடிவீட்டுக்காரி

ராஜவாழ்க்கையா? துறைமுகத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரப் பூனைகள் இருக்குமே, அவை இரண்டு மாதக் குட்டியை மத்தி பக்கம் அண்டவிடுமா? நாய்கள் வேறு. அடுத்த தடவை போனபோது முந்தின தடவை விட்ட குட்டிகளைப் பார்த்தீர்களா, முதுநகர்க்காரரே? அதை மட்டும் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரன்

பார்க்கவில்லை.

வலிகாமத்தான்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பூனையை விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றி மேலே எழுதியதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. ஆமி வருகுது, எல்லாரும் வெளியேறுங்கோ என்று ஒலிபெருக்கியில் அறிவித்து ஒரு மணித்தியாலத்துக்குள் றோட்டு முழுக்கச் சனம். இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தில் நகரக்கூட இடமில்லை. பிள்ளையையே தோளில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்ற இரவு அது. பூனையைப் பற்றி ஆர் யோசிப்பார்கள்?

அம்மம்மா யோசித்தா. எல்லாரும் படலையடியில் நின்று கத்துகிறோம், மனிசி திரும்பிக் குசினிக்குள் போகிறா. நகை ஏதும் மறந்துபோனாவாக்கும் என்று நினைத்தோம். குசினிப் பின்கதவைத் திறந்து, அது காற்றுக்குச் சாத்துப்படாமல் தேங்காய் துருவுகிற திருவலையை எடுத்து அண்டைகொடுத்து வைத்தா. கறுப்பி உள்ளே வந்து போக வேணுமாம். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்து இடம்பெயர்ந்த குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

ஆறு மாதம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்துவிட்டு 96 சித்திரையில் திரும்பினோம். முன்கதவு, யன்னல், கூரைத் தகரம் ஒன்றும் இல்லை. திருவலை அதே இடத்தில் கிடந்தது. மூன்றாம் நாள் கிணற்றடியில் கறுப்பி வந்து நின்றது. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து. அம்மம்மா சோற்றுக் கோப்பையோடு கிட்டப் போனா. அது பின்னுக்குப் போனது. இவ நின்றால் அதுவும் நிற்கும். பத்தடி. அதற்குப் பிறகு நான்கு வருஷம் எங்கள் வளவிலேயே இருந்து, எங்கள் சோற்றைத் தின்று, எங்கள் மாமரத்தடியில்தான் செத்தது. கடைசி நாள் வரைக்கும் பத்தடிக்குள் ஒருத்தரையும் விடவில்லை. அம்மம்மாவையும்.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

செவிலி_அத்தை

எல்லாருடைய பதிவையும் படித்தேன், மனசு கனத்துப்போச்சு. என் கதை சின்னதுதான். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே சம்பந்தியம்மா வந்து, "பூனை இருக்கிற வீட்டில் கர்ப்பிணி இருக்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது" என்றார்கள். மகன் அட்டைப்பெட்டி தேடக் கிளம்பிவிட்டான். மருமகள் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ எனக்கும் சேர்த்து ஒரு பெட்டி கொண்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பேரனுக்கு இப்போது நான்கு வயது, பூனைக்கு ஒன்பது.

ஆனால் இந்தக் காரணத்துக்காகவே நிறையப் பேர் பூனையை வெளியே விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் செவிலியாக இருந்தவள் நான். பயப்படுகிற விஷயத்தின் பெயர் டாக்சோபிளாஸ்மா. கிருமி உண்மைதான், கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து என்பதும் உண்மைதான். ஆனால் பூனையைத் தொடுவதால் வராது, முடி பறப்பதால் வராது. அதன் மலத்தில்தான் வரும். அதுவும் பூனைக்கு அந்தத் தொற்று முதலில் வரும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் வெளியேறும். வெளியே வந்த பிறகும் தொற்றுகிற பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது வேண்டும், ஐந்து நாள்கூட ஆகலாம். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பயமில்லை. அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, புருஷன் செய்யட்டும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுக்கொண்டு செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். இன்னொன்று, சரியாக வேகாத கறியிலிருந்தும், கழுவாத கீரையிலிருந்தும், தோட்ட மண்ணிலிருந்தும் இதே கிருமி வரும். அதற்காக யாரும் மட்டன் கடையைக் காலி செய்யச் சொல்வதில்லையே!

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் குட்டி கிடைத்தால் உடனே பசும்பால் ஊற்றாதீர்கள், பேதியாகி ஒரே நாளில் வற்றிவிடும். குட்டிகளுக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். முதலில் சூடு கொடுங்கள், அப்புறம்தான் பால். குளிர்ந்த குட்டிக்கு ஜீரணம் ஆகாது. மல்லாத்திப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி தானாக மூத்திரம் போகாது, ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை நுணுக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது அதற்கு விஷம். வலிகாமத்தான் தம்பி, அந்தக் காதுப் புண்ணுக்கு அப்போதே மஞ்சள்...

வலிகாமத்தான்

அத்தை, அது செத்து இருபத்தைந்து வருஷமாகிறது.

செவிலி_அத்தை

மன்னிச்சுக்கோ தம்பி. எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது.

நான்காம்மாடி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே வீவக வீடுகளில் (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) பூனை வளர்க்கத் தடை 2024 செப்டம்பர் 1 வரை இருந்தது. நாங்கள் ஈசூனில் திருட்டுத்தனமாக வளர்த்தோம், பெயர் கறிவேப்பிலை. 2016-இல் யாரோ புகார் கொடுத்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே விட்டுவிட்டு வந்தார். "அதே புளோக்தானே, கைவிட்டதாக ஆகாது" என்றார். அவரிடம் இன்றும் அதே வாதம்தான்.

நான் பள்ளிக்குப் போகும்போது அது தூணருகே உட்கார்ந்திருக்கும். போக்குவரத்து விளக்கு வரை கூடவே வரும். பச்சை விழுந்து நான் கடந்து திரும்பிப் பார்த்தால், சிவப்புக்கு நிற்கும் ஆள்களோடு அதுவும் நின்றுகொண்டிருக்கும். ஒரு வருடம் இப்படி. யாரோ பிடித்துக் கருத்தடை செய்து, இடது காது நுனியைக் கத்தரித்துத் திரும்ப விட்டிருந்தார்கள். அடுத்த டிசம்பர் விடுமுறைக்குத் தஞ்சாவூர் போய்விட்டு வந்தோம், தூணருகே காணோம்.

இப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், சிப் பொருத்தி உரிமம் எடுத்தால் போதும். சட்டம் வந்த அன்று அம்மா செய்தித்தாளை மடித்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

இங்கே செல்லப்பிராணியைக் கைவிட்டால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இந்தியாவில் எப்படி?

பிரிவு_பதினொன்று

இந்தியாவில் ஐம்பது ரூபாய். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், பிரிவு 11. பட்டினியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் நூறு ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. 1960-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

எங்கள் குடியிருப்பில் சாக்கில் கட்டி ஐந்து குட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போட்டவரை கேமராவில் பார்த்து, ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா பொறுமையாகத்தான் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சார், குட்டிங்க உசுரோட இருக்கா?" என்றார். மூன்று இருக்கிறது என்றேன். "அப்போ இங்க ஏன் நிக்கிறீங்க, போய்ப் பால் குடுங்க" என்றார். கோபம் வந்தது. வண்டியை எடுக்கும்போதுதான் அவர் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. மனுவை எழுதிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் மூன்று இரண்டாகியிருந்தது.

கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் நன்றி. முதுநகர்க்காரர் எனக்காகப் பேசினார், ஆனால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. முதல் பதிவில் பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது தடவை அப்பா, "நீ பிடிச்சுக்கோ. நான் வண்டியை ஸ்டார்ட் பண்றேன். சொன்னதும் விட்டுட்டு ஓடி வந்து ஏறு" என்றார். பிடித்துக்கொண்டேன். பாலம் முழுக்கக் கத்திய பூனை என் கையில் கத்தவேயில்லை. சட்டைக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டது. அப்பா சொன்னார், விட்டேன், ஓடினேன், ஏறினேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "சாக்கை அவிழ்த்ததும் ஓடிருச்சு" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம்மா என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால், "ஒரு எலியைத் துரத்திக்கிட்டு ஓடிச்சு" என்று சேர்த்துக்கொண்டேன். எலி என்று சொல்லச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நல்ல பெரிய எலியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.