பழைய டிராக்டரை வீடு கொண்டுவந்து சேர்த்த கதை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேட்டுக்காடு:

விலை எவ்வளவு, பேரம் எப்படி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கியதிலிருந்து வண்டி வாசலுக்கு வந்து சேரும் வரை நடந்ததை மட்டும் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

சாம்ராஜ்நகர் பக்கம் வாங்கிய மஹிந்திரா 575. எனக்கு ஊர் சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே. லாரியில் ஏற்றிவிடலாம் என்றேன். விற்றவர் விடவில்லை. "எங்க டிரைவரு திம்பத்தைக் கண்ணைக் கட்டிக்கிட்டு இறங்குவாருங்க, லாரிக்கு எதுக்குத் தண்டம்?" என்றார். 27 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை. ராத்திரியில் விடமாட்டார்கள் என்பதால் வெளிச்சத்திலேயே கிளம்பினோம். டிரைவர் முன்னால், நான் பைக்கில் பின்னால். ஆசனூர் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை.

கீழ் கியரில் இறங்குகிற வண்டி உறுமிக்கொண்டே வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. பாதி மலையில் அந்த உறுமல் சட்டென்று அடங்கியது. நிற்கிற வண்டியின் சத்தம் வருகிறது, ஆனால் வண்டி ஓடுகிறது, அதுவும் வேகம் ஏறிக்கொண்டே. டிரைவர் தோளில் கிடந்த துண்டு காற்றில் கிளம்பி ரோட்டில் விழுந்தது. உடனே பிரேக் அடித்தார். வலது பின்சக்கரம் மட்டும் பிடித்தது. இடது பாட்டுக்கு உருண்டது. வண்டி வலப்பக்கமாக வெட்டித் திரும்பி ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. கீழிருந்து ஏறிவந்த லாரியின் பம்பருக்கும் எங்கள் முன் டயருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவுதான்.

அவர் இறங்கி வந்து துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றார். பண்ணாரியில் டீ குடித்துவிட்டு பேட்டா கூட்டிக் கேட்டார், கொடுத்தேன்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தள்ளினாரா, கியர் தானாக நழுவியதா? இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வண்டியைத்தான் இப்போது என் தம்பி ஓட்டுகிறான்.

கடைமடை:

மலை இல்லாத ஊரில் பிறந்தது எவ்வளவு புண்ணியம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் கூத்து ஏற்றுகிற இடத்திலேயே நடக்கும்.

பட்டுக்கோட்டை பக்கம் ஒரு பழைய எச்எம்டி 2511. லாரி வந்துவிட்டது, ஏற்றுவதற்கு மேடு இல்லை. வாய்க்கால் கரையில் லாரியைப் பின்னால் விட்டு நிறுத்தினால் கரை ஒரு முழம் தாழ்ந்து இருக்கிறது. இரண்டு பலகையைப் போட்டார்கள். புரோக்கர் கூட வந்த பையன் முன்பக்கமாக ஓட்டி ஏறினான். பின்சக்கரம் பலகை விளிம்பில் முட்டிக்கொண்டது. அவன் ஆக்சிலேட்டரைக் கூட்டினான். சக்கரம் சுற்றவில்லை, வண்டியின் மூஞ்சி மேலே போனது! முன் டயர் இரண்டும் பலகையை விட்டு ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நிற்கின்றன. பையனின் முதுகு எங்களை நோக்கிச் சாய்கிறது. லாரி டிரைவர்தான் "கிளச்சை மிதிடா!" என்று கத்தினார். மிதித்தான். தொப்பென்று இறங்கியது. ஒரு நொடி தாமதித்திருந்தால் ஸ்டியரிங் அவன் நெஞ்சில்.

அப்புறம் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிற மேடு ஒன்று கிடைத்தது. லாரித் தளத்துக்குச் சரிமட்டம். அழகாக உருண்டு ஏறியது. சூளைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பட்டறைக்காரர்:

மேட்டுக்காடு, முதலில் உங்கள் கேள்வி. சம தரையில், ஆளில்லாத ரோட்டில், அதே கியரில் கொஞ்சம் வேகமாகப் போய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் லீவர் உதறிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, அல்லது லீவருக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் செத்திருக்கிறது. பல தடவை பார்த்தும் வரவில்லை என்றால் டிரைவர் தள்ளியதுதான். உயர், தாழ் கியர் வரிசையை மாற்றும் ஹை-லோ லீவரையும் பாருங்கள், சில வண்டியில் அதுதான் நழுவும். என்னைக் கேட்டால் டிரைவர்தான். இறக்கத்தில் நியூட்ரல் தள்ளுகிற பழக்கம் பழைய டிரைவர்களிடம் நிறைய.

கடைமடை அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். முன்பக்கமாக ஏற்றியதுதான் தப்பு. பின்சக்கரம் மாட்டிக்கொண்டால் என்ஜின் பலம் முழுவதும் வண்டியை அச்சைச் சுற்றித் தூக்கப் பார்க்கும். ரிவர்ஸில் ஏறினால் அதே பலம் மூஞ்சியைக் கீழே அழுத்தும். சரிவான பலகையில் எப்போதும் ரிவர்ஸில் ஏற்றுங்கள், இறக்கும்போது முன்பக்கமாக இறக்குங்கள்.

என் அனுபவம் சின்னது: அரூரிலிருந்து வரும்போது வழியில் டீசல் அடைத்து நின்றுபோனது. பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி, டேங்க் அடியில் படிந்த கசடு ரோட்டுக் குலுக்கலில் கலங்கிவிட்டது. பில்டரை மாற்றி, அதன் தலையில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, உள்ளே புகுந்த காற்று வெளியேறக் கைப்பம்பை அடித்தேன். முதலில் நுரை வரும், வெடித்து வெடித்து வரும், பிறகு நுரை நின்று டீசல் மட்டும் வழியும். அப்போது இறுக்க வேண்டும். ஆகவே ஓட்டிவருகிறவர்கள் ஒரு பில்டரும் ஸ்பானரும் கையில் வைத்திருங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லாரியில் கட்டுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கயிறு போதாது, சங்கிலி வேண்டும். நான்கு மூலைக்கும் தனித்தனி. முன்னால் ஆக்ஸிலில் கட்டுங்கள், ஸ்டியரிங் ராடில் கட்டாதீர்கள், வளைந்தால் வீடு வந்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் ஆக்ஸில் கூட்டில் கட்டுங்கள். டிராக்டர் டயர் பந்து மாதிரி எகிறும், எகிற எகிறச் சங்கிலி தளரும், அதனால் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். சைலன்சர் வாயை டப்பா கவிழ்த்து மூடுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே போனால் என்ஜினுக்குக் கேடு. பின் டயரில் தண்ணீர் ரொப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். 575 சும்மாவே இரண்டு டன்னை நெருங்கும். இதைச் சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டியில் ஏற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சிரிக்காமல் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

கடைமடை:

பட்டறைக்காரரே, ரிவர்ஸ் எல்லாம் எழுதுவதற்கு நன்றாக இருக்கிறது. லாரித் தளத்தில் முதலில் போய் இடிப்பது பின்னால் கலப்பை மாட்டுகிற லிப்ட் கைகள்தான். அவற்றைத் தூக்கி வைக்க ஹைட்ராலிக் வேலை செய்ய வேண்டும். அந்த எச்எம்டியில் அது செத்துக் கிடந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு முன் டயர் பலகையில் இருக்கிறதா, வெளியே போகிறதா என்றும் தெரியாது. மேடு தேடிப் போவதுதான் சரி. பலகையே வேண்டாம் என்கிறேன் நான்.

செம்மண்:

நீங்கள் இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் சண்டை போடுங்கள், படிக்க நன்றாக இருக்கிறது.

என் கதையில் லாரியும் இல்லை, மலையும் இல்லை. மாமா மானாமதுரை பக்கம் ஒரு மேசி டிராக்டர் வாங்கினார், கூடவே ஒன்பது கொழுக் கலப்பை ஒன்று. பக்கத்து ஊர்தானே என்று கலப்பையைப் பின்னால் மாட்டித் தூக்கிக்கொண்டு ஓட்டி வந்தார். நான் அவருக்குப் பின்னால் வண்டியில் வந்தேன், விளக்குக் காட்டுவதற்காக. இருட்டிவிட்டது. டிராக்டரில் பின் விளக்குக்கு வயர் மட்டும் தொங்கியது.

இடையில் ஒருவர் பைக்கில் என்னைத் தாண்டினார். என் வெளிச்சத்தில் அவருக்கு டிராக்டரின் பெரிய டயர் தெரிந்திருக்கும், அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு தெரியவில்லை. துருப்பிடித்த இரும்பு இருட்டோடு இருட்டாகப் போய்விடும். கொழு நுனிகள் சரியாக அவர் நெஞ்சு உயரம். நான் ஹார்னை விடாமல் அடித்தேன். அவர் பிரேக் போட்டு, பைக் வழுக்கி, கால் ஊன்றி நின்றார். கலப்பை அவர் ஹெட்லைட்டுக்கு மேலே நிற்கிறது. அந்த மனிதர் திட்டவே இல்லை. ஒரு கொழுவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாமா இன்னமும் "ஒண்ணும் ஆகலையே" என்கிறார். கலப்பை மறுநாள் டெம்போவில் வந்திருக்கலாம்.

வன்னிக்காற்று:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பழைய மெசின் (டிராக்டர்) என்றால் மேசி 135தான். 1964இல் செய்யத் தொடங்கியது. இன்னும் எங்கள் வயல்களில் உழுகிறது.

அண்ணாவுக்காக மதவாச்சியில் வாங்கி ஏ9 வழியே லொறியில் கொண்டுவந்தோம். ஏற்றிய விதத்தில் மெசினின் முகம் லொறியின் பின்பக்கம் பார்த்தபடி. சங்கிலி எல்லாம் சரி, பட்டறைக்காரர் சொன்ன மாதிரியே இறுக்கிக் கட்டினோம். பொனட்டை ஒருவரும் பார்க்கவில்லை. அதன் கொக்கி எப்போதோ உடைந்து, பழைய சொந்தக்காரர் ரப்பர் நாடா போட்டு வைத்திருந்தார். வவுனியா தாண்டி லொறி வேகம் எடுத்ததும், பின்னாலிருந்து காற்றுப் புகுந்து பொனட் முழுதாக எழும்பியது. கண்ணாடியில் பார்க்கிறேன், சிவப்புத் தகடு ஒன்று எழும்பி நின்று ஆடுகிறது, அதற்குப் பின்னால் பஸ். நாடா அறுந்தது. தகடு ரோட்டில் விழுந்து, பஸ்ஸின் முன்சில்லுக்குக் கீழே போய் நசுங்கியது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் அடித்திருந்தால்?

பஸ் றைவர் இறங்கி வந்து தகட்டைத் தூக்கிக் கையில் தந்தார். "தம்பி, இதுக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறியள், ஒரு கம்பி கட்டேல்லையே" என்றார்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. செம்மண் சொன்ன அந்தப் பைக் ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று மாமாவிடம் கேளுங்கள். வாங்கியவர் பெயருக்கு மாற்ற படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 போட்டு அங்கிருந்து தடையில்லாச் சான்று. கடன் இருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். எங்கள் அண்ணன் ஒருவரை வழியில் நிறுத்திய போலீஸ்காரர், சாஸி நம்பர் தெரியவில்லை என்று துணியில் டீசல் நனைத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்தால் ஆர்சியில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் ஓர் எண் வித்தியாசம். பிறகு அது ஆர்சியில் நேர்ந்த எழுத்துப் பிழை என்று தெரிந்தது, ஆனால் அன்றைக்கு டிராக்டர் ஸ்டேஷன் வாசலில்தான் படுத்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே துடைத்துப் பாருங்கள். இன்னொன்று, மட்கார்டில் ஆள் உட்கார்ந்து வருவதை...

செம்மண்:

ஐயா, மாமா மட்கார்டில் யாரையும் ஏற்றவில்லை. தனியாகத்தான் வந்தார்.

மேட்டுக்காடு:

பட்டறைக்காரரே, நீங்கள் சொன்னபடி தம்பியை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கியர் நழுவவில்லை. அப்படியென்றால் அந்த ஆள்தான். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் ஏன் பிடித்தது?

பட்டறைக்காரர்:

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக் பெடல். அந்த இரண்டு பெடலையும் இணைக்கிற பூட்டு போட்டிருந்ததா? ரோட்டில் அது போட்டே தீர வேண்டும். குனிந்து பார்த்துச் சொல்லுங்கள்.

மேட்டுக்காடு:

இருக்கிறது. மேலே மடக்கி, கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருக்கிறார்கள். கம்பியும் துரு, பூட்டும் துரு. ரொம்ப வருஷமாக யாரும் தொடவில்லை போல.

கடைமடை:

அது சேடை (சேற்று உழவு) ஓட்டுகிறவர்கள் செய்கிற வேலை. வரப்போரம் திரும்ப ஒற்றைப் பிரேக்தான் வேண்டும், பூட்டு காலில் இடிக்கும், கட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

மேட்டுக்காடு:

அப்படியானால் இரண்டையும் வெல்டிங் வைத்து ஒன்றாக்கிவிடட்டுமா? தம்பி உழவை விட டிரெய்லர்தான் அதிகம் ஓட்டுகிறான்.

பட்டறைக்காரர்:

வேண்டாம். ஓரம் திரும்பும்போது திட்டுவான். கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை. போடும் முன் இரண்டு பெடலும் ஒரே உயரத்தில் மிதிபடுகிறதா பாருங்கள். ஒன்று ஆழமாகப் போனால் பூட்டு போட்டாலும் வண்டி ஒரு பக்கம்தான் இழுக்கும். அதைச் சரி செய்யாமல் டிரெய்லர் மாட்டாதீர்கள்.