கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது உண்மையா? பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி – பர்கூர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அருகே நான் படித்த தொடக்கப் பள்ளியின் வேப்ப மரத்தில் முழ நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்குகிறது. இன்றும் அதைத் தட்டித்தான் பள்ளி விடுகிறார்கள். சென்ற வாரம் அருகில் நின்று பார்த்தபோது, இப்போதுள்ள ரயில் பாதைகளின் தண்டவாளத்தைவிட அது மிகவும் மெலிந்திருப்பதைக் கவனித்தேன். அதன் உயரம் நான்கு விரற்கடை அளவுதான். “நம்ம ஊருக்கு ரயில் வந்துச்சு” என்று என் பாட்டனார் சொன்னபோது நாங்கள் நம்பியதில்லை. மாவட்டத் தலைநகராகியும் கிருஷ்ணகிரிக்காரர்கள் ரயில் ஏற இன்றும் வெளியூருக்குத்தானே போகிறோம்! அப்படியொரு பாதை இருந்ததா? இருந்ததென்றால் ஏன் போயிற்று?

மறுமொழி – தருமபுரி வாசகர்:
உங்கள் பாட்டனார் சொன்னது முழு உண்மை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய ரயில், 1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர், சேலம் வழியாக மேற்குக் கடற்கரையை எட்டியது. ஆனால் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதன் தடத்துக்கு வெளியே நின்றுவிட்டன. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, வறண்ட வட்டங்களுக்குத் தானியம் விரைந்து போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கில் பஞ்சத் தடுப்புப் பாதைகள் திட்டமிடப்பட்டன. அவ்வாறு 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும், 1906இல் மொரப்பூர்–தருமபுரி பாதையும் திறக்கப்பட்டன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் தண்டவாளங்களுக்கு நடுவே 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி இடைவெளி கொண்ட குறுகிய பாதைகள். சிறிய எஞ்சினுக்கு மெல்லிய தண்டவாளமே போதும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற சரக்கு எழுத்தர், மொரப்பூர்:
ஏன் போயிற்று என்பதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. பெரிய பாதையான அகலப் பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஆகவே கிருஷ்ணகிரியில் ஏற்றிய புளி மூட்டையைத் திருப்பத்தூரில் இறக்கி, வேறு வண்டியில் மறுபடி ஏற்றியாக வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதைக்கும் அகலப் பாதைக்கும் நடுவே இதே வேலை நடந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கைந்து மூட்டைகளாவது கொக்கி பட்டுக் கிழியும், கூலி இரட்டிக்கும், ஒரு நாள் வீணாகும். இப்படியிருக்க, வாசலில் ஏற்றிச் சந்தையிலேயே இறக்கும் லாரியும் பேருந்தும் வந்த பிறகு குறுகிய பாதையால் எப்படி நிற்க முடியும்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்களையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். பாதை போட்டது தவறென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். செலவை மிச்சம் பிடிக்க அகலத்தைக் குறைத்ததுதான் அதற்கு வினையாயிற்று.

1960களின் இறுதியில் சேலம்–தருமபுரி–ஓசூர்–பெங்களூரு மீட்டர் பாதை வந்தது. 1990களில் அது அகலப் பாதையாயிற்று. அதுவும் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாகப் போவதால் கிருஷ்ணகிரி நகரம் மறுபடியும் விடுபட்டது. மொரப்பூர்–தருமபுரி இணைப்பை அகலப் பாதையாக மீண்டும் அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இருந்த ஊர்களுக்கே அதைத் திரும்பக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி – தருமபுரி வாசகர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மெலிந்திருப்பதை மட்டும் வைத்து அந்தத் துண்டு இந்தப் பாதையுடையது என்று முடிவு கட்ட இயலாது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தள்ளுவண்டிக்கு மெல்லிய தண்டவாளம் இட்டிருந்தார்கள். தண்டவாளத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவிலுள்ள பட்டைப் பகுதியில், உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருப்பது வழக்கம். அங்கே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. தலைமையாசிரியரின் அனுமதியுடன் நேற்று மாலை துண்டைக் கீழே இறக்கினோம். பல அடுக்குப் பெயிண்ட். உப்புத்தாளால் தேய்த்ததில் 190 என்ற மூன்று இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நான்காவது இலக்கம், பிள்ளைகள் தட்டித் தட்டித் தேய்ந்த இடத்தில் இருக்கிறது.