டாக்டைப் சேர்த்ததும் பழைய பக்கம் குலைந்துவிட்டது: பிரவுசர்கள் ஏன் இன்னும் க்விர்க்ஸ் மோடை வைத்திருக்கின்றன?

தறிக்காரன்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மென்பொருள் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணிக்குச் சலான் போடுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. 2004 வாக்கில் எழுதியது, எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பக்கம் தினமும் ஓடுகிறது. போன வாரம் அதில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் முதல் வரியில் டாக்டைப்பே (பக்கம் எந்த வகை எச்டிஎம்எல் என்று பிரவுசருக்குச் சொல்லும் அறிவிப்பு) இல்லை. முறையாகச் செய்துவிடலாம் என்று எச்டிஎம்எல்5 டாக்டைப்பைச் சேர்த்தேன், வேறு எதையும் தொடவில்லை. உள்ளீட்டுக் கட்டங்கள் எல்லாம் ஒரே அகலமாகிவிட்டன, தலைப்புப் பட்டையின் நீலம் போய்விட்டது, அட்டவணைக்குள் எழுத்து சிறுத்துவிட்டது, திரையின் அடிவரை நீண்டிருந்த அட்டவணை மேலே சுருங்கி ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வரியை எடுத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடுகிறது.

சரி, சரிசெய்வது எப்படி என்பது ஒரு கேள்வி. இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். தரநிலை என்று ஒன்று இருக்கும்போது குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் டாக்டைப் இல்லாத பக்கத்தைப் பழைய பிரவுசர்களின் வழக்கப்படியே காட்டும் இந்த க்விர்க்ஸ் மோடை எதற்காக இத்தனை வருடம் சுமக்கின்றன? ஒரு தேதி சொல்லி நீக்கிவிட்டால் எங்களைப் போன்றவர்கள் அன்றே திருத்தியிருப்போமே?

கூடல்நகர்:

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், இதே வேலையை நான் பத்துப் பதினைந்து பக்கங்களுக்குச் செய்திருக்கிறேன்.

கட்டங்களின் அகலத்தை ஸ்டைலில் வெறும் 200 என்று எழுதியிருப்பார், பிக்சல் என்ற அலகு இருக்காது. க்விர்க்ஸ் மோடில் பிரவுசர் அதைப் பிக்சலாக எடுத்துக்கொள்ளும், டாக்டைப் போட்டதும் வருகிற, தரநிலைப்படி நடக்கும் ஸ்டாண்டர்ட்ஸ் மோடில் அந்த வரியையே தூக்கிப் போட்டுவிடும். நீலமும் அதே கதை: நிறக் குறியீட்டுக்கு முன்னால் ஹாஷ் (#) விட்டுப்போயிருக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், பிஜிகலர் என்ற பழைய ஆட்ரிபியூட்டில் கொடுத்த நிறம் இரண்டு மோடிலும் வரும், ஸ்டைலில் கொடுத்ததுதான் போகும். எழுத்து அளவு மாறியதற்குக் காரணம், க்விர்க்ஸில் பாடிக்கு (பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் டேக்) கொடுத்த எழுத்து அளவு அட்டவணைக்குள் இறங்காது. உங்கள் பாடியில் 11 பிக்சல் போட்டிருப்பார்கள், இத்தனை நாள் அட்டவணை அதைக் கண்டுகொள்ளவே இல்லை, இப்போது கேட்கிறது. உயரம் 100 சதவீதம் என்பது வேலை செய்ய எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் 100 சதவீத உயரம் கொடுங்கள்.

அப்புறம் ஸ்டைலைப் பொருத்துவதற்கு வைக்கிற கிளாஸ் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். க்விர்க்ஸில் இரண்டும் ஒன்று, ஸ்டாண்டர்ட்ஸில் வேறு வேறு. இது கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், எனக்கு ஒரு முழு நாள் போனது இதனால்தான்.

பழுப்புநிலா:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டாக்டைப்பைப் பார்த்து மோடை மாற்றும் ஏற்பாடு 2000-இல் மேக்குக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது, டான்டெக் செலிக் தலைமையில் செய்த டாஸ்மன் எஞ்சின் (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி). அதற்கு முன் ஒவ்வொரு பிரவுசரும் பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்ஸைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டிருந்தது, அந்தத் தப்பான புரிதலை நம்பித்தான் அன்றைய தளங்கள் எல்லாம் கட்டப்பட்டிருந்தன. பிரவுசரைத் திருத்தினால் தளங்கள் உடையும், திருத்தாவிட்டால் புதிதாக எழுதுகிறவர்கள் காலம் முழுக்கத் தவறான கணக்கோடு மல்லாட வேண்டும். டாக்டைப் எழுதுகிறவருக்குத் தரநிலை தெரிந்திருக்கும், எழுதாதவர் பழைய வழக்கத்தை எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டார்கள். வெறும் ஊகம்தான், ஆனால் இன்றுவரை தாங்குகிறது.

இந்த ஊகமும் ஒரு இடத்தில் சறுக்கியது. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 (ஐஇ6) பல வருடம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் டாக்டைப் போடக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் ஐஇ6-இன் பிழைகளுக்குத் தக்கபடிதான் எழுதினார்கள். 2006-இல் ஐஇ7 அந்தப் பிழைகளைத் திருத்தியதும், டாக்டைப் இருந்த பக்கங்களே உடைந்தன. அதனால் 2008 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு யோசனை சொன்னது: புதிய தரநிலை வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக ஒரு மெட்டா வரி போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஐஇ8 கூட ஐஇ7 மாதிரிதான் காட்டும் என்று. வலை வடிவமைப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் முடிவைத் திருப்பிக்கொண்டது. 2009-இல் ஐஇ8 தரநிலையோடுதான் வந்தது, கூடவே உடைந்த பக்கத்தைப் பழையபடி பார்க்க ஒரு பொத்தான். உள்வலைப் பக்கங்களுக்கு மட்டும் பழைய முறையே இயல்பாக இருந்தது, ஏனென்றால் உங்களுடைய சலான் பக்கம் மாதிரியானவை அங்கேதான் குவிந்திருந்தன.

செம்மண்:

தேதி சொல்லி நீக்கலாமே என்பது நியாயமான கேள்வி, ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தறிக்காரன் அண்ணா, அறிவிப்பு வந்திருந்தால் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தச் சலான் பக்கத்தை எழுதியவர் படித்திருக்கமாட்டார், அவர் அங்கே இல்லையே. பக்கம் உடைந்தால் மாட்டிக்கொள்வது அதை எழுதியவர் அல்ல, காலையில் வந்து சலான் போடுகிற ஆள். அவர் தரநிலையைக் குறை சொல்லமாட்டார், “நேற்று வரை நன்றாக இருந்தது, பிரவுசர் அப்டேட் ஆனதும் கெட்டுவிட்டது” என்றுதான் சொல்வார், வேறு பிரவுசருக்குப் போய்விடுவார். அதனால்தான் தனியாக எந்த பிரவுசரும் முதலில் கை வைப்பதில்லை.

2018-இல் நடந்ததைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேக்களுக்கு (மதிப்புகளின் பட்டியல்கள்), பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலைப் பிரித்து ஒன்றாக்கும் ஃப்ளாட்டன் என்ற வசதியைச் சேர்க்க நினைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டதும் ஜெர்மன் வானிலைத் தளம் ஒன்று உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன்னுடைய ஃபங்ஷனை வைத்திருந்ததுதான் காரணம். எத்தனையோ தளங்களில் அது பதிந்து கிடக்கிறது, அவற்றைத் திருத்த ஆள் கிடையாது. கடைசியில் தரநிலையில் பெயரை ஃப்ளாட் என்று மாற்றினார்கள். சிலர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெயர் கொஞ்சம் அழகு குறைந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை.

முக்கியமான விஷயம், இப்போது க்விர்க்ஸ் மோடுக்கே ஒரு தரநிலை இருக்கிறது, பிரவுசர் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் வாட்விஜி என்ற குழு எழுதியது. எந்தெந்தப் பழைய வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வரிசையாக இருக்கிறது. கூடல்நகர் சொன்ன 200-ம் ஹாஷ் இல்லாத நிறமும் எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி நடப்பது அதனால்தான். முன்பு ஒருவர் மற்றவரின் பிழையைக் குத்துமதிப்பாகக் காப்பியடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடல்நகர்:

செம்மண், இதற்கு விலை இல்லாமல் இல்லை. வெப்கிட் முன்னொட்டு ஞாபகம் இருக்கிறதா, சோதனையில் இருக்கும் சிஎஸ்எஸ் வசதிகளின் பெயருக்கு முன்னால் சஃபாரியின் எஞ்சின் பெயரைப் போடுவது? மொபைல் தளங்கள் ஐஃபோனை மட்டும் மனதில் வைத்து எழுதியதால், 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் 49-இலிருந்து வேறொரு எஞ்சினின் பெயர் தாங்கிய முன்னொட்டுகளைத் தானும் ஏற்க வேண்டிவந்தது. பழசைக் காப்பாற்றுவது வேறு, இன்று எழுதுகிறவர்களின் அலட்சியத்தைக் காப்பாற்றுவது வேறு. இரண்டாவதற்கு எனக்குக் கோபம் வருகிறது.

நீக்கவே முடியாது என்பதும் சரியில்லை. ஒரு தளத்தின் குக்கீ வேறு தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளோடு போவதைத் தடுக்கும் சேம்சைட் கட்டுப்பாட்டை குரோம் 80 இயல்பாக்கியது 2020 பிப்ரவரியில். கொரோனா வந்ததும் ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள், மக்களுக்கு அவசியமான தளங்கள் அந்த நேரத்தில் உடையக்கூடாது என்று. ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு என்று வந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும், பொறுமையாக, பின்வாங்கத் தயாராக.

கரிசல்:

நம் மொழியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. யூனிகோடுக்கு முன், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறை எழுத்துருவில் வந்த தமிழ்ப் பக்கங்கள். அவற்றில் பல, எழுத்துக் குறிமுறையை (எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல்) ஐஎஸ்ஓ 8859-1 என்று அறிவித்திருந்தன. அந்தத் தரநிலையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் 128 முதல் 159 வரை உள்ள இடங்கள் திரையில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். டிஸ்கியில் 131 ஜ, 132 ஷ, 133 ஸ, 134 ஹ. அதாவது ‘ஜனவரி’ என்பது ‘னவரி’ ஆகிவிடும். அப்படி ஆகாததற்குக் காரணம், பிரவுசர்கள் அந்த அறிவிப்பை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 1252 குறிமுறை என்றே வாசித்தன, அதில் இந்த இடங்களுக்கு எழுத்து உண்டு. வாட்விஜியின் என்கோடிங் தரநிலை பின்னால் இந்த வழக்கத்தையே விதியாக எழுதிக்கொண்டது.

என் மாமா 2001-இல் எங்கள் ஊர்க் கோயில் பற்றி எழுதிப்போட்ட பக்கம் இப்படிப்பட்டதுதான். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்த எழுத்துருவை நிறுவிவிட்டுத் திறந்தால் இன்றைக்கும் முதல் வரியில் ‘ஸ்ரீ’ சரியாக வருகிறது. அதைத் திருத்தச் சொல்லி எந்தத் தேதியும் அவருக்குப் போய்ச் சேராது.

தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கூடல்நகர் சொன்னபடி தேடினேன். அலகு இல்லாத அகலம் 61 இடத்தில், ஹாஷ் இல்லாத நிறம் 9 இடத்தில். கிளாஸ் பெயரும் நீங்கள் சொன்ன மாதிரியே ஓரிடத்தில் மாறியிருந்தது, அச்சுக்கான ஸ்டைலில், நல்லவேளை சொன்னீர்கள். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது, ஆனால் அச்சடித்த சலான் தாளில் கிலோ எழுதும் கட்டத்துக்கு வெளியே எண் விழுந்தது. அதைத் திருத்தி டாட் மேட்ரிக்ஸில் நான்கு தாள் எடுத்துப் பார்த்துவிட்டேன், பொருந்துகிறது.

கரிசல், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தேதி சொல்லி நீக்கலாம் என்ற பேச்சை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டாக்டைப் போட்ட பதிப்பை திங்கட்கிழமை ஒரு கணினியில் மட்டும் ஏற்றப் போகிறேன், மற்ற நான்கிலும் ஒரு மாதத்துக்குப் பழையதே ஓடட்டும்.