ஓடும்போது ஈஎம்ஜில அடிக்கு ஒரு முள்ளு வருது, உதவுங்க

நானுஓயா_பிஸியோ:
கெண்டைக்கால் வலியோட ஸ்கூல் புள்ள ஒருத்தி வந்திருக்கா, 1500 மீட்டர் ஓடுறவ, போட்டி வேற நெருங்குது. சதையோட மின் சிக்னல அளக்குற ஈஎம்ஜி சென்சர் ஒட்டி ஓட விட்டா கால் வைக்கிற நேரமெல்லாம் சிக்னல் முள்ளு மாதிரி எகிறுது, சதை வேலை செய்றது அதுக்குள்ள மறைஞ்சிருது. 20லருந்து 450 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சிக்னல மட்டும் விடுற ஃபில்டர் போடச் சொன்னாங்க, போட்டா எரர். அவசரம்ங்க.

தலவாக்கலை_தம்பி:
அக்கா வயரா வயர்லெஸ்ஸா? செகண்டுக்கு எத்தனை சாம்பிள், அதாவது எத்தனை தடவ அளக்குது? ரோடா ட்ரெட்மில்லா?

பதுளை_எலக்ட்ரோ:
கரண்ட் இரைச்சல்தான். நம்ம நாட்டுல 50 ஹெர்ட்ஸ், அந்த 50ஐ மட்டும் வெட்டுற நாட்ச் ஃபில்டர் போடுங்க போயிரும்.

கண்டி_சிக்னல்:
பதுளை தம்பி, கரண்ட் இரைச்சல் நின்னாலும் ஓடினாலும் வரும். அடிப்படைய படிச்சிட்டு பதில் போடுங்க. இது கால் தரையில அடிக்கும்போது எலக்ட்ரோடு, அதான் தோல்ல ஒட்டுற சென்சர் முனை, தோல் மேல ஆடுறதால வர்றது, பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்கு கீழ. முன்கால் சதையிலயும் ஒண்ணு ஒட்டிப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒரே உருவத்துல வந்தா அது சதை இல்ல. கெண்டைச்சதை கால் படுறதுக்கு முன்னாலயே இறுக ஆரம்பிச்சிரும், முள்ளு பட்ட பிறகுதான் வரும்.

நானுஓயா_பிஸியோ:
வயர்லெஸ். நுவரெலியா ரோட்டு இறக்கத்துல. செட்டிங்ல 200னு இருக்கு.

கண்டி_சிக்னல்:
அதான் எரர். சாம்பிள்ல பாதி வரைக்கும்தான் சிக்னல் பிடிபடும், 200ல எடுத்தா 100 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் இருக்காது, 450 எங்கயிருந்து வரும்? 1000க்கு குறையாம திரும்ப எடுங்க, பழைய ஃபைல வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

லிந்துலை_அக்கா:
ஃபில்டருக்கு முன்னால தோல பாருங்கம்மா. முடிய வழிச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, நல்லா காய விட்டு, கெண்டையோட உள்பக்க மேட்டுல நார் போற திசையில 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டணும். மேல இழுபடுற பேண்டேஜ் சுத்துங்க. நம்ம ஊர் பனியில தோல் ஈரமா இருந்தா ரெண்டு அடியில கழண்டு ஆடும்.

ஹட்டன்_ஓட்டம்:
வலியோட உள்ள புள்ளைய இறக்கத்துல ஓட விட்டீங்களா? இறக்கம்னா தொடைக்குத்தான் அடி, கெண்டைய பாக்கணும்னா ஏத்தத்துல பாருங்க. சப்பாத்து போட்டிருந்தாளா?

பதுளை_எலக்ட்ரோ:
வெறுங்கால்ல ஓடுனாதான் கால் பலப்படும், தோட்டத்து புள்ளைங்க எல்லாம் அப்படித்தானே வந்தாங்க.

ஹட்டன்_ஓட்டம்:
சப்பாத்து வாங்க வழியில்லாம ஓடுனாங்க அண்ணே, அத பயிற்சின்னு சொல்லாதீங்க. வெறுங்கால்ல பெரும்பாலும் முன்பாதம் முதல்ல படும், கெண்டைக்கு பாரம் கூடும். வலி உள்ள புள்ளைக்கு அதையா சொல்வீங்க?

பதுளை_எலக்ட்ரோ:
வலி இல்லாதவங்களுக்குத்தான் சொன்னேன்.

நானுஓயா_பிஸியோ:
1000ல எடுத்தேன், பேண்டேஜும் சுத்தினேன், 20க்கு கீழ வெட்டினதும் சதை தெளிவா தெரியுது. எல்லாருக்கும் நன்றி. வலி உள்ள இடது கால்ல மைக்ரோவோல்ட், அதான் சிக்னலோட அளவு, குறைவா இருக்கு, அப்ப பலவீனம்தானே?

கண்டி_சிக்னல்:
அவசரப்படாதீங்க. ஒட்டின இடம், தோலடிக் கொழுப்பு கொஞ்சம் மாறினாலே அளவு மாறும், ரெண்டு காலையும் நேரா ஒப்பிட முடியாது. முழு பலத்துல இறுக்க வச்சு அளந்து அதுக்கு எத்தனை வீதம்னு பாக்குறதுதான் வழக்கம், வலியில அது சரிப்படாது. இப்போதைக்கு ஒவ்வொரு கால்லயும் சதை எப்ப இறுக ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மட்டும் பாருங்க.

தலவாக்கலை_தம்பி:
அக்கா, ரெண்டு காலுக்கும் ஒரே தூரத்துலயா ஒட்டினீங்க?