பாம்பன் வீட்டுக் குழு

செவ்வாய்

அந்தோணி மாமா, காலை 6.12
📷 படம்
நண்டு வலை போச்சு. ஆறு பீஸில் நாலைக் காணோம். மிதவைப் போயாவும் இரண்டு பீஸும்தான் மிச்சம்.

லூர்து சித்தப்பா, 6.20
விசைப்படகு இழுத்திருக்குமோ மச்சான்?

அந்தோணி மாமா, 6.24
இழுத்திருந்தால் கிழிந்து நார் நாராக வந்திருக்கும். இது கத்தி. கயிற்றை ஒரே வீச்சில் அறுத்திருக்கிறான். போயாவில் பெயிண்டால் ஆமைப் படம் வேறு வரைந்து வைத்திருக்கிறான். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

ராணி அத்தை, 6.31
மகளிர் குழுக் கடனில் வாங்கிய வலை. இன்னும் ஏழு தவணை இருக்கிறது. படம் வரைந்தவனை வந்து கட்டச் சொல்லுங்கள்.

ஜெனி, 7.05
ஐயோ மாமா. ஆமைப் படம் என்றால் கடல் உயிர்களுக்காகப் போராடுகிறவர்கள் யாராவது செய்திருப்பார்களோ?

சேவியர், 7.06
உன் ஆட்களா?

ஜெனி, 7.09
என் ஆட்கள் யாரும் இல்லை அண்ணா. நான் கறி, மீனை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, அவ்வளவுதான். மாமா வலையை அறுத்தது தப்பு. ஆனால் இப்படிச் செய்கிறவர்கள் எல்லோரையும் ரவுடி என்று சொல்லிவிட முடியாது.
1986 நவம்பரில் ஐஸ்லாந்தில் ஸீ ஷெப்பர்ட் என்ற கடல் உயிர் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் இரண்டு பேர், துறைமுகத்தில் கட்டியிருந்த இரண்டு திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிக்கக் கூடாது என்று அப்போதே உலகத் தடை வந்துவிட்டது. ஐஸ்லாந்து ஆராய்ச்சி என்று பேர் சொல்லிப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது கப்பலில் காவலாளி இருந்ததால் அதைத் தொடவில்லை. ஓர் ஆளுக்கும் காயம் இல்லை.

சேவியர், 7.15
அது கம்பெனிக் கப்பல். இது மாமாவின் வல்லம். இரண்டும் ஒன்றா?

சேவியர், 7.22
நானும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் காட்டை வெட்டக் கூடாது என்று மரத்துக்குள் ஆணி அடித்து வைக்கிற பழக்கம் இருந்தது. 1987-இல் கலிபோர்னியாவில் க்ளோவர்டேல் என்ற ஊர் மர ஆலையில் ரம்பம் ஆணியில் பட்டுத் தெறித்து, மெஷினில் நின்ற பையனுக்குத் தாடை உடைந்தது. 23 வயது. ஆணியை யார் அடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆலை முதலாளிக்கு ஒரு கீறல் இல்லை. 1990-இல் அந்தப் பக்கத்து எர்த் ஃபர்ஸ்ட் என்ற காடு காக்கும் இயக்கத்து ஆட்களே இனி ஆணி அடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.
அடி எப்போதும் கூலிக்காரன் மேலேதான் விழுகிறது.

ராணி அத்தை, 7.30
காலையில் ஏன் அமெரிக்கா? வலைக்கு வழி சொல்லுங்கள்.

புதன்

அந்தோணி மாமா, மாலை 5.48
🎥 வீடியோ
குந்துகால் பக்கம் கிடைத்தது. கச்சான் காற்று கரையில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறது. நாலு பீஸும் ஒரே உருண்டையாக.
உள்ளே இரண்டு ஆமை. சின்னது செத்து ஊதிப்போயிருந்தது. பெரியது பேராமை, உயிர் இருந்தது. முன்துடுப்பில் நைலான் மூன்று சுற்று சுற்றி, தோல் வெளுத்து உள்ளே இறங்கியிருந்தது. கழுத்திலும் ஒரு சுற்று. ஈரச் சாக்கைத் தலையில் போட்டதும் அடங்கியது. அப்புறம் கத்தியை வைத்து ஒவ்வொரு கண்ணியாக எடுத்தேன். அரை மணி நேரம் இருக்கும். கடைசிக் கண்ணியை எடுத்ததும் என் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டது. நன்றி கெட்டது 😄

ராணி அத்தை, 5.55
முழங்கால் வீங்கியிருக்கிறது, அதைச் சொல்ல மாட்டார்.

அந்தோணி மாமா, 6.02
ஜெனி, கோபமாகச் சொல்லவில்லை. வலை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். விடிந்ததும் தூக்குவேன், மாட்டியது உயிரோடு இருந்தால் விடுவேன். அறுத்துவிட்டால் அதைத் தூக்க ஆள் இல்லை. நைலான் மக்காது. அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே கிடக்கும். ஆமையை வரைந்தவன் ஆமையைத்தான் கொன்றிருக்கிறான்.

ஜெனி, 6.20
வீடியோவை முழுசாகப் பார்க்க முடியவில்லை மாமா.
1998-இல் இங்கிலாந்தில் ரோமத்துக்காகப் பிராணி வளர்க்கும் ஒரு பண்ணையில் புகுந்து ஆயிரக்கணக்கான மிங்க்குகளைத் திறந்துவிட்டார்கள். கீரி மாதிரி ஒரு பிராணி. அந்த மண்ணைச் சேர்ந்தது இல்லை. வெளியே போனது அக்கம்பக்கத்துப் பறவைகளையும் கோழிகளையும் அடித்தது. படித்தபோது இதெல்லாம் எதிராளி பேச்சு என்று தள்ளிவிட்டேன்.
ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தூக்கும்போது ஆமை செத்துக் கிடந்ததே இல்லையா?

அந்தோணி மாமா, 6.41
உண்டு. இரண்டு தடவை. வீட்டில் சொன்னதில்லை.

லூர்து சித்தப்பா, 6.50
எங்கள் போட் இழுக்கிற மடிவலையில் வராததா? எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் அடுத்தவன் வலையை அறுப்பது திருட்டுத்தான். போலீசில் எழுதிக் கொடுங்கள் மச்சான்.

ராணி அத்தை, 7.10
அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொல்வதை அப்படியே தட்டுகிறேன்.
"உங்கள் தாத்தாவும் வலையை அறுத்தவர்தான். விசைப்படகு புதிதாக வந்த காலம். கரைக்கு ஒட்டி வந்து நம் வலையை எல்லாம் வாரிக்கொண்டு போவான். மூன்று கடல் மைலுக்குள் வரக் கூடாது என்ற சட்டமெல்லாம் 1983-இல்தான் வந்தது. அதற்கு முந்தி ஒரு ராத்திரி நாலு வல்லத்தில் போய் ஒரு போட்டின் மடியை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மடி நம் வீட்டுக் கொல்லையில்தான் கிடந்தது, கோழி அடைக்க வைத்திருந்தேன்."

சேவியர், 7.12
😳

ஜெனி, 7.14
தாத்தா செய்தால் உரிமை, வேறு யாராவது செய்தால் திருட்டா?

லூர்து சித்தப்பா, 7.15
கல்யாணம் ஆகி 22 வருடம். இப்போதுதான் சொல்கிறார் அத்தை.

ராணி அத்தை, 7.22
இன்னும் சொல்கிறார்: "மறுநாள் அவரே போட்டுக்காரன் வீட்டுத் திண்ணையில் போய் நின்றார். நான்தான் அறுத்தேன், என் வலைக்குக் கணக்குச் சொல், உன் மடிக்கு நான் சொல்கிறேன் என்றார். அடியும் வாங்கினார். இவன் ஆமையை வரைந்தானே, பேரை எழுதினானா?"

ஜெனி, 7.40
அந்த ஐஸ்லாந்து விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1988-இல் ஸீ ஷெப்பர்ட் தலைவர் பால் வாட்சன் அவராகவே ஐஸ்லாந்துக்குப் போய், வழக்குப் போடுங்கள் என்று நின்றார். வழக்கே போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சேவியர், 7.44
திண்ணையில் அடி வாங்குவது கஷ்டமா, விமானம் ஏறுவது கஷ்டமா?

ஜெனி, 7.45
அண்ணா 🙄

அந்தோணி மாமா, 8.05
சரி விடுங்கள். உருண்டையைப் பிரித்துப் பார்த்தேன், இரண்டு பீஸ் தேறும். சனிக்கிழமை மால் போட்டு வலை பின்ன ஆள் வேண்டும். ராணிக்கு ராத்திரியில் கண் தெரிவதில்லை.

ஜெனி, 8.09
வெள்ளி ராத்திரி ரயிலில் வருகிறேன் மாமா. சின்ன வயதில் அம்மாச்சி சொல்லிக் கொடுத்தது, கை மறந்திருக்காது. ஆனால் நண்டு சாப்பிட மாட்டேன்.

அந்தோணி மாமா, 8.10
நண்டு இருந்தால்தானே.