சென்னைக்கு இனி ஆள் தாங்காது: சரியா, தவறா?

கரையோரக்காகம்:
2015-ல் மூழ்கினோம். 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு குடிநீர் ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கினோம். அந்த நாலு ஏரியும் தளும்பினாலே 11 டிஎம்சி (1,100 கோடி கன அடி) சொச்சம்தான். ஏரி அப்படியே இருக்க, குடிக்கிற வாய் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஆள் வருவதைக் கட்டுப்படுத்தாமல் சுற்றுச்சூழல் பேசுவது வெட்டிப்பேச்சு.

கணக்குப்பிள்ளை:
சார், சென்சஸைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 2001-ல் 43.4 லட்சம் பேர், 2011-ல் 46.5 லட்சம். பத்து வருஷத்தில் 7 சதவீதம்தான். அதே காலத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் கூடியது. அதாவது ஊர் உள்ளே பெருக்கவில்லை, வெளியே பரவியது. பரவிய இடம் எது? தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகணும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட சதுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. போன இடத்தில் அடுக்குமாடி மட்டுமா நிற்கிறது? குப்பைக் கிடங்கு, சாலை, அரசு நிறுவனக் கட்டடங்கள் எல்லாம்தான். பிழைக்க வந்தவனா அங்கே வரைபடம் போட்டான்?

கரையோரக்காகம்:
பெருங்குடிக் கிடங்கில் மலையாய்க் குவிந்தது யார் போட்ட குப்பை? மாநகரத்தில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் சேர்கிறது. ஆள் கூடினால் குப்பை கூடும், சாக்கடை கூடும். இதற்குச் சென்சஸ் எதற்கு?

திண்டிவனத்தான்:
ஆள் வரக்கூடாதுன்னா யாரைச் சொல்றீங்க தலைவரே? தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரி ரெண்டு பிள்ளைகூட இல்ல. சென்னைக்குக் கூட்டம் பிறந்து வரல, வேலை தேடி வருது. ஐடி கம்பெனியை எல்லாம் ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) வரிசையா நிறுத்திட்டு, ஆள் மட்டும் வராதேன்னா எப்படி?

பெரும்பாக்கம் ஏழாவதுமாடி:
நாங்க கூவம் கரையில இருந்தவங்க. ஆக்கிரமிப்புன்னு சொல்லி எங்க வீட்டை இடிச்சாங்க. கொண்டுவந்து விட்ட இந்தப் பெரும்பாக்கமும் மழைக்குத் தண்ணி நிக்கிற இடம்தான், அதையும் எழுதுங்க. என் வீட்டுக்காரரு வேலைக்கு நடந்து போயிட்டிருந்தாரு, இப்ப வண்டி வாங்கி பெட்ரோல் போடுறாரு. எங்க பிளாக்ல முக்காவாசிப் பேருக்கு இதே கதைதான். ஆள் அதேதான் சார், புகைதான் கூடுச்சு.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல! அதனால்தான் சொல்கிறேன், மெட்ரோ ஓடுகிற இடத்தில் உயரமாகக் கட்டட்டும். நெருக்கமாக வாழ்ந்தால் வண்டியும் குறையும், சதுப்பும் மிஞ்சும்.

கரையோரக்காகம்:
எங்கள் தெருவில் நாலு வீடு இருந்த மனையில் இப்போது முப்பத்திரண்டு வீடு. சாக்கடைக் குழாய் மட்டும் பழசுதான், மழை பெய்தால் மூடி எகிறுகிறது. ஆளுக்கொரு ஆழ்குழாய் வேறு போட்டு உறிஞ்சுகிறார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், எத்தனை வீட்டில் அந்தக் குழியைத் தூர்வாருகிறார்கள்? அக்கா சொன்ன அநியாயம் வாஸ்தவம், அதை மறுக்கவில்லை. ஆனால் உயரமாகக் கட்டுவது உங்களுக்கு வரைபடத்தில் அழகாகத் தெரிகிறது, கீழ்வீட்டில் இருக்கிறவனைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் குழாயைப் பெரிதாக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். பள்ளிக்கரணைக்கு 2022-ல், சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்புநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்திலும் வீட்டுமனை விளம்பரம் நிற்கவில்லை. நீங்கள் விரட்டச் சொல்கிற ஆளா அந்த விளம்பரம் கொடுக்கிறான்?

கரையோரக்காகம்:
வாங்க ஆள் இருப்பதால்தானே கொடுக்கிறான். நாளைக்கு வருகிறேன், மோட்டார் போடணும்.