வூகாமர்ஸில் சொந்தச் சலுகை வகை: பட்டியலில் தெரிகிறது, கழிவு மட்டும் 0 ரூபாய்

கேள்வி

வணக்கம். திருகோணமலை மத்திய வீதியில் என் மாமா நடத்தும் கருவாட்டுக் கடைக்கு வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் இணையக் கடை அமைத்திருக்கிறேன். நேரில் வந்து ஒரு கிலோ நெத்தலி வாங்குபவருக்கு, அரைக் கிலோ கட்டாக் கருவாட்டுப் பொதி ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுப்பது மாமாவின் நெடுநாள் வழக்கம். கொழும்பிலிருந்து இணையத்தில் வாங்குபவருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவேண்டும் என்கிறார். மென்பொருளோடு வரும் கூப்பன் (சலுகைச் சீட்டு) வகைகள் மூன்றுதான்: சதவீதக் கழிவு, கூடை முழுவதற்கும் நிலையான தொகை, பொருளுக்கு நிலையான தொகை. நெத்தலியின் எடையைப் பார்த்துக் கட்டாவின் விலையைக் குறைக்க இவற்றில் எதுவும் உதவாது. ஆகவே 'கூப்பன் டிஸ்கவுண்ட் டைப்ஸ்' ஃபில்டர் (மென்பொருளின் வேலைக்கு நடுவே நம் நிரலைச் செருகும் இடம்) வழியாக 'துணைப்பொருள் பாதி விலை' என்றொரு வகையைச் சேர்த்தேன். பட்டியலில் அது தெரிகிறது, கூப்பன் குறியீட்டை இட்டால் கூடையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் கழிவு 0 ரூபாய் என்றே வருகிறது. எங்கே தவறு?

மறுமொழி 1

நீங்கள் தொட்ட ஃபில்டர் அந்த வகைக்கு ஒரு பெயரை மட்டுமே கொடுக்கிறது. அது பொருளுக்கு உரியதா, கூடைக்கு உரியதா என்று மென்பொருளுக்குத் தெரியாததால், கழிவு கணக்கிடும்போது கூடையிலுள்ள எல்லாப் பொருள் வரிசைகளையும் தாண்டிச் சென்றுவிடுகிறது. 'புரொடக்ட் கூப்பன் டைப்ஸ்' ஃபில்டரிலும் உங்கள் வகையைச் சேர்த்து, கூப்பனின் பொருள் புலத்தில் (பொருளைத் தெரிவுசெய்யும் கட்டத்தில்) கட்டாவை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதன்பின், தொகையை 'கூப்பன் கெட் டிஸ்கவுண்ட் அமவுண்ட்' ஃபில்டரில் நீங்களே கணக்கிட்டு மென்பொருளுக்குத் திருப்பித் தரவேண்டும். புதிய வகைக்குரிய கணக்கு மென்பொருளிடம் கிடையாது.

மறுமொழி 2

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஒரு கிலோ நெத்தலி இருக்கவேண்டும்' என்பது நிபந்தனை. 'கட்டா பாதி விலை' என்பது சலுகை. சைலியஸ், ட்ரூபல் காமர்ஸ் போன்ற பிற இணையக் கடை மென்பொருள்கள் இவ்விரண்டையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக வைத்திருக்கின்றன. வூகாமர்ஸில் அந்தப் பிரிவினையை நாமே பேணவேண்டும். நிபந்தனையை 'கூப்பன் இஸ் வேலிட்' ஃபில்டரில் வைத்தால், குறியீட்டை இட்டபின் வாடிக்கையாளர் நெத்தலியைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டாலும் கூப்பன் தானாகவே நீங்கிவிடும். ஒரு கிலோ என்ற அளவை நிரலுக்குள் எழுதாமல் கூப்பனின் புலமாக வையுங்கள். நெத்தலி வரத்துக் குறையும் காலத்தில் மாமா அந்த அளவை மாற்ற விரும்பினால், அதற்காக அவர் உங்களைத் தேடி வரும் நிலை இருக்கக்கூடாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கழிவு இப்போது வருகிறது, ஆனால் கூடுதலாக வருகிறது. ஒரு கிலோ நெத்தலியும், 1,400 ரூபாய் என விலையிட்ட கட்டாப் பொதிகள் இரண்டும் இட்டுப் பார்த்தேன். ஒரு பொதிக்கு மட்டும் 700 ரூபாய் குறையவேண்டிய இடத்தில் 1,400 ரூபாய் குறைந்துவிட்டது. இதுவரை எத்தனை பொதிக்குக் கழித்தோம் என்று நிரலில் ஓர் எண்ணியும் வைத்திருக்கிறேன். பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அது சிலவேளை முழுக் கழிவையும் மறுத்துவிடுகிறது.

மறுமொழி 1

இவை இரண்டு வெவ்வேறு தவறுகள். அந்த ஃபில்டருக்கு வருவது ஒரு பொதியின் விலை. நீங்கள் திருப்பும் தொகையை மென்பொருள் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே கட்டா வரிசை முழுவதற்குமான 700 ரூபாயை 2 ஆல் வகுத்து 350 என்று திருப்புங்கள். எண்ணியை நீக்கிவிடுங்கள். ஒரே பக்கக் கோரிக்கைக்குள் கூடையின் மொத்தம் பலமுறை கணக்கிடப்படலாம் என்பதால், முதற்சுற்றில் தீர்ந்துபோன எண்ணி அடுத்த சுற்றில் ஒன்றும் கொடுக்காது. ஒவ்வொரு முறையும் கூடையிலுள்ள நெத்தலியின் எடையைப் புதிதாகக் கூட்டி, எத்தனை பொதிக்குத் தகுதி உண்டென்று அதிலிருந்தே கண்டுபிடியுங்கள்.

கேட்டவர்

அவ்வாறே மாற்றினேன். இரண்டு பொதிக்கு 700 ரூபாய், இரண்டு கிலோ நெத்தலி இட்டால் 1,400 ரூபாய் என்று சரியாக வருகிறது; நெத்தலியை எடுத்துவிட்டால் கூப்பனும் நீங்குகிறது. எடைப் புலத்தை மாமாவிடம் காட்டிவிட்டேன்.